சாம்பலுக்குக் கணக்கு கேட்கும் பிள்ளைகள்

அனல்மின் நிலையங்களின் நிழலில் வளர்ந்த எண்ணூர் இளைஞர்களும் அவர்களைத் தேடி வந்த நகரத்து மாணவர்களும் சேர்ந்து பல ஆண்டுகளாக ஒரு கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதில் இன்னும் யாரும் பதில் எழுதாத வரி ஒன்று உண்டு: கரி போனால் வேலை எங்கே?

எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலையில் நின்றால் இரண்டு விதமான வேலைக்காரர்களைப் பார்க்கலாம். ஆற்றுக்குள், இடுப்பளவு நீரில், பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். மேலே பாலத்தில், ஹெல்மெட்டும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக முதல் ஷிப்டுக்கு பைக்கில் விரைபவர்கள் இன்னொரு பக்கம். எண்ணூர்க் குப்பங்களில் இந்த இரண்டு பேரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கும் வீடுகள் உண்டு. அப்பாவுக்கு ஆற்று வேலை, மகனுக்குக் கம்பெனி வேலை. அப்பாவின் ஆற்றைத் தூர்க்கும் சாம்பல் எந்த வளாகத்திலிருந்து வருகிறதோ, அந்த வளாகத்தின் வாசலில்தான் மகன் கான்ட்ராக்ட் வேலைக்கு வரிசையில் நிற்கிறான்.

காலநிலை மாற்றத்தை எதிர்த்து இளைஞர்கள் போராடுகிறார்கள் என்றதும் நம் மனதில் வருவது பள்ளிச் சீருடை, ஆங்கிலப் பதாகை, வெள்ளிக்கிழமை ஊர்வலம். எண்ணூருக்கு அந்தப் படம் பொருந்தாது. இங்கே முதலில் பேசப்பட்டது ஆறு. பிறகு சாம்பல். காலநிலை என்ற சொல் மூன்றாவதாகத்தான் வந்து சேர்ந்தது.

கரி வந்த வழி

சென்னையின் மூன்று ஆறுகளில் பெரியது கொசஸ்தலை. பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் இதன் வழியாகத்தான் கிழக்கே ஓடி எண்ணூரில் கடல் சேர்கிறது. ஆறும், கடலும், பக்கிங்ஹாம் கால்வாயும், பழவேற்காட்டிலிருந்து வரும் உப்பங்கழியும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தச் சேற்றில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகின.

1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. அதன் திறன் 450 மெகாவாட். 1990-களில் ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட்டுடன் தொடங்கி, அடுத்த கட்டத்தில் 1,200 மெகாவாட் கூடியது. தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் கூட்டாக வல்லூரில் 1,500 மெகாவாட் நிறுவின. 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் திறக்கப்பட்டது. முதலில் வந்த எண்ணூர் நிலையம் மூடப்பட்டுவிட்டாலும், சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் இன்று 4,000 மெகாவாட்டுக்கும் மேல் நிற்கிறது.

இந்தக் கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ரயிலில் பாரதீப்புக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போய், அங்கே கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம், கரி இறக்குவதற்கென்றே திட்டமிடப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து நடந்த ஒன்றை வடசென்னைக்காரர்கள் மறப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கரி கையாள்வதால் சுற்றுப்புறமெங்கும் தூசி படிகிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் கரியையும் இரும்புத் தாதுவையும் எண்ணூருக்கு மாற்றச் சொன்னது. 2011 அக்டோபரில் கரி இடம் மாறியது. நகரத்தின் நடுவே இருந்தவர்களுக்குக் கிடைத்த நியாயம், எண்ணூர்க்காரர்களின் வீட்டு வாசலில் தூசியாக இறங்கியது.

எரிந்த பிறகும் கரி போய்விடுவதில்லை. இந்தியக் கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது முதல் நாற்பது டன் வரை மிச்சம். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆற்றையும் சதுப்பையும் கடந்து போகின்றன. துருப்பிடித்த இடத்தில் உடைகின்றன. உடைந்த இடத்திலெல்லாம் சாம்பல் கொட்டி, ஆற்றின் அடியில் சிமென்ட் போல இறுகுகிறது. செப்பாக்கம் என்ற கிராமம் சாம்பல் குளத்தின் கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோடையில் காற்று கிளம்பினால் சோற்றுத்தட்டை மூடி வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஒரே ஜனவரியில் மூன்று

எண்ணூர் இளைஞர் போராட்டத்துக்கு ஒரு பிறந்த மாதம் சொல்லச் சொன்னால் 2017 ஜனவரியைச் சொல்லலாம். அந்த ஒரு மாதத்தில் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது ஒரு பாட்டு. கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகியின் வரிகளில் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வெளியிட்டார். கச்சேரி மேடையின் ராகம், வடசென்னைப் பேச்சு, பின்னணியில் எண்ணூரின் சாம்பல் வெளி. வசைச்சொல்லாகிப்போன 'புறம்போக்கு' உண்மையில் ஊர்ப்பொது நிலத்தின் பெயர் என்பதை அந்தப் பாட்டு ஞாபகப்படுத்தியது. எண்ணூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத தென்சென்னைக் கல்லூரி மாணவர்களின் போனில் கொசஸ்தலை ஆறு நுழைந்தது அப்போதுதான்.

இரண்டாவது, மெரினா. ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டம் 23-ம் தேதி கலைக்கப்பட்டது. கோரிக்கை வேறாக இருக்கலாம். ஆனால், கட்சிக் கொடி இல்லாமல் கடற்கரையில் கூடலாம், சாப்பாட்டுக்கும் குப்பைக்கும் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்ற பழக்கம் அங்கே உண்டானது.

மூன்றாவது அடுத்த ஐந்தாம் நாளே வந்தது. 28-ம் தேதி அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் பாறைகளின் மேல் தார் போலப் படிந்த எண்ணெயை, கையுறையும் வாளியுமாக நின்று அள்ளியவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறைய. பக்கத்திலேயே குப்பத்துப் பையன்கள் எந்தக் கையுறையும் இல்லாமல் அள்ளினார்கள். நகரத்துப் பிள்ளைகளும் கரைப் பிள்ளைகளும் ஒரே வாளியைக் கைமாற்றிக்கொண்டது பலருக்கு அதுதான் முதல்முறை.

எண்ணெய் அள்ள வந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போய்விட்டார்கள். சிலர் மட்டும் அடுத்த வாரமும் வந்தார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது.

வரைபடத்தில் தொலைந்த நீர்

திரும்பி வந்தவர்களுக்குக் குப்பத்துப் பெரியவர்கள் கற்பித்த முதல் பாடம் ஆழம். முன்பு கழி ஊன்றிப் படகு தள்ளிய இடத்தில் இப்போது இறங்கி நடக்கலாம். வலை மூழ்காத ஆழத்தில் மீன் எப்படித் தங்கும்? அனல்மின் நிலையம் வெளியேற்றும் வெந்நீர் எங்கே ஆற்றோடு சேர்கிறது, எந்த மீன் அந்தச் சூட்டுக்கு விலகிப் போகிறது என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் முழுதாக இல்லை. அது ஆற்றில் நிற்கிறவரின் கால்களுக்குத் தெரிந்த கணக்கு.

பதிலுக்கு இளைஞர்கள் கொண்டுவந்தது காகிதம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுவது, கிடைத்த பக்கங்களைப் பெரியவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வது, செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்ப்பது, உடைந்த குழாயைத் தேதியோடும் இடத்தோடும் படம் எடுத்துவைப்பது. இந்த வேலையில் கிடைத்த பெரிய பிடிப்பு ஒரு வரைபடம். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பல ஆயிரம் ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது. அலை ஏறும் சதுப்பு முழுதும் கட்டுமானம் கூடாத பகுதி. பிற்காலத்தில் மாநில அதிகாரிகள் கையாண்ட இன்னொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பு இல்லாமலே போயிருந்தது. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2017-ல் செயல்பாட்டாளர்கள் வெளியிட்டபோது ஊர் அதிர்ந்தது. அந்த அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் கழிமுகத்துக்கு நேரில் வந்தார். கேமராக்களும் வந்தன.

ஆற்றில் கால் வைத்து நிற்கிறவர், அங்கே ஆறே இல்லை என்று சொல்லும் தாளைப் பார்த்தால் முதலில் சிரிப்பார். அந்தத் தாளை நம்பித்தான் அனுமதிகள் தரப்படுகின்றன என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுபோகும். தாளைத் தாளால்தான் வெல்ல வேண்டும் என்ற புத்தி எண்ணூரின் இளைய தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது. சாம்பல் கசிவு பற்றிக் காட்டுக்குப்பம் மீனவர் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் தந்த தீர்ப்பு, கழிமுகத்தை மீட்க வேண்டிய பொறுப்பை அரசின் தலையில் வைத்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த படங்களும் தேதிகளும் இல்லாமல் இப்படியொரு வழக்கு நிற்காது.

ஆங்கிலத்தில் வரும் ஆபத்து

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவு வெளியானது. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஆனால் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. பிற மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் கடைசியில் சொன்னது. அதற்குள் தமிழ்நாட்டில் இளைஞர்கள் தாங்களே சுருக்கம் எழுதி, விடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் ஓடவிட்டார்கள். அந்த ஜூலையில் வரைவை எதிர்த்து மின்னஞ்சல் இயக்கம் நடத்திய 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர்' இந்தியக் கிளையின் இணையதளம் முடக்கப்பட்டது. டெல்லிக் காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ஊபாவின் பிரிவு இருந்தது. பிறகு அது தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று திரும்பப் பெற்றார்கள். 2021 பிப்ரவரியில் அதே அமைப்பின் பெங்களூர்ச் செயல்பாட்டாளர், 22 வயது திஷா ரவி கைதாகி, பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார்.

இந்தச் செய்திகள் எண்ணூர் வீடுகளுக்குள் அச்சமாகத்தான் நுழைந்தன. மகளின் பெயர் ஒரு வழக்கில் ஏறினால் நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் என்ன ஆகும் என்று அம்மாக்கள் கணக்குப் போட்டார்கள். நகரத்து மாணவருக்கு வழக்கறிஞர் நண்பர் இருப்பார். குப்பத்துப் பையனுக்கு உள்ளூர்க் காவல் நிலையம்தான் இருக்கிறது. ஒரே பதாகையைப் பிடித்தாலும் இரண்டு பேருக்கும் அதன் எடை ஒன்றல்ல.

ஆனாலும் காட்டுப்பள்ளி விஷயத்தில் இரண்டு பேரும் விலகவில்லை. 330 ஏக்கரில் இருக்கும் அதானி குழுமத்தின் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்கத் திட்டம். 2021 ஜனவரியில் நடக்க இருந்த கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடியும் தேதி குறித்து, மறுபடியும் தள்ளினார்கள். ஒவ்வொரு தேதிக்கும் முன்பாக நூற்றுக்கணக்கான பக்க அறிக்கையைப் பங்குபோட்டுப் படித்து, எந்தப் பக்கத்தில் எந்த மீன் விட்டுப்போயிருக்கிறது, எந்தக் கிராமத்தின் பெயர் இல்லை என்று குறித்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்வது இளைஞர்களின் வேலையாக இருந்தது. விதிப்படி தமிழில் தர வேண்டியது சுருக்கத்தை மட்டும்தான். முழு அறிக்கை ஆங்கிலத்தில் கிடக்கும். வகுப்பில் ஆங்கிலம் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தப் படிப்பு ஊருக்குப் பயன்பட்ட முதல் இடம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

புயலோடு வந்த எண்ணெய்

2023 டிசம்பர் எண்ணூருக்கு ஒரு வருடத்துப் பாடத்தை ஒரே மாதத்தில் நடத்தியது. 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அலையாத்தி வேர்களில் எண்ணெய். கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய். 2017-ல் போலவே இந்த முறையும் கையால்தான் அள்ளினார்கள். 26-ம் தேதி, சுனாமி நினைவு நாளின் நள்ளிரவில், உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு 33 கிராமத்து மக்கள் ஆலையை மூடச் சொல்லி 100 நாள்களுக்கும் மேல் உட்கார்ந்தார்கள்.

'காலநிலை' என்ற சொல் எண்ணூர் இளைஞர்களின் வாயில் இயல்பாக வந்து உட்கார்ந்தது இந்த டிசம்பருக்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கரி எரிவதால் கடல் சூடாகிறது, சூடான கடல் புயலின் மழையைக் கூட்டுகிறது என்பது பாடப்புத்தகத்து வரி. அந்த மழைநீர் கடலுக்குப் போக வேண்டிய ஆற்று வாயை அதே கரியின் சாம்பல் தூர்த்து வைத்திருக்கிறது என்பது எண்ணூர் சேர்த்த வரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கரி இங்கே இரண்டு முனையிலும் நிற்பது தெரியும்.

கடல் முன்னேறும் பயமும் இங்கே புதிதல்ல. சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே, வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. நகரம் காற்று வாங்கும் மணல், இவர்கள் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டிய மணல். போதாதென்று ஆற்றின் அடியில் புதுக் குடியேற்றம் வேறு. தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி, கப்பல் வழியாக வந்து சேர்ந்து, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போலப் படர்கிறது. இறால் புதையும் இடமெல்லாம் அதற்குப் போய்விட்டது. மீனவர்கள் அதற்கு 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடையாள அட்டையும் பதாகையும்

இனி கஷ்டமான பகுதி. கரியை எதிர்க்கும் கூட்டத்தில், கரியால் சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளை எப்படி உட்காருவது?

அனல்மின் நிலையம் நிரந்தர வேலையை அள்ளித் தந்துவிடவில்லை. நிலம் போன ஊர்களுக்குச் சொன்ன வாக்குறுதிகள் பெரும்பாலும் கான்ட்ராக்டில் முடிந்தன. சாம்பல் லாரி, பராமரிப்புப் பணி, செக்யூரிட்டி, கேண்டீன். ஆனாலும் மீன் கிடைக்காத மாதத்தில் அந்தக் கான்ட்ராக்ட் சம்பளம்தான் அரிசி. 'நிலையத்தை மூடு' என்ற பதாகையைத் தென்சென்னை மாணவர் பிடிப்பது சுலபம். மின்கட்டணம் கட்டுவதைத் தவிர அவருக்குக் கரியோடு உறவில்லை. அதே பதாகையைத் தாழங்குப்பத்துப் பையன் பிடிக்கும்போது, கூட்டத்தில் ஓரமாக நின்று பார்ப்பது அவனுடைய மேஸ்திரியாக இருக்கலாம். எண்ணூரில் பல இளைஞர்கள் போட்டோவில் நிற்காமல் பின்னால் வேலை பார்ப்பதற்கு இது போதுமான காரணம். அதைக் கோழைத்தனம் என்று நகரத்திலிருந்து சொல்லிவிட முடியாது.

காற்றும் வெயிலும் கரிக்கு மாற்று என்கிறார்கள். உண்மை. காற்றாலையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் காற்றாலைகள் சுழல்வது முப்பந்தலில். சூரியத் தகடுகள் விரிந்திருப்பது கமுதியில். எண்ணூரிலிருந்து பார்த்தால் மாநிலத்தின் மறுமுனை. தவிர, ஒரு சூரிய மின்பண்ணையைக் கட்டி முடித்த பிறகு அங்கே தேவைப்படும் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். மின்சாரத்துக்கு மாற்று கிடைப்பதால் மட்டும் எண்ணூர் இளைஞனின் வேலைக்கு மாற்று கிடைத்துவிடாது. சென்னை மாநகராட்சியின் காலநிலைத் திட்டம் 2050-க்குள் கார்பன் சமநிலை என்கிறது. இந்தியாவுக்கு இலக்கு 2070. இன்று பள்ளியில் படிக்கும் எண்ணூர்ப் பெண்ணுக்கு 2050 வேலை பார்க்கும் வயது. 2070 ஓய்வுபெறும் வயது. நடுவில் அவள் என்ன வேலைக்குப் போவாள் என்பது எந்தத் திட்டத்திலும் எண்ணூர் என்று பெயர் போட்டு எழுதப்பட்டதாக நான் பார்க்கவில்லை.

புகையைக் குறைக்கும் விதிகளும் நம்பும்படி இல்லை. கந்தக டை ஆக்ஸைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வைத்தார்கள். 2017-க்குள் நிறைவேற்றச் சொன்னார்கள். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். 2015-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதியிருப்பான்.

மூடியதும், மறுபடியும்

இதற்கெல்லாம் விடை தேட எண்ணூருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்து போனது. அதை யாரும் வாய்ப்பாகப் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டை நெருங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. கரி போன பிறகு அந்த நிலத்தில் என்ன வரலாம்? சாம்பலை அள்ளி ஆற்றை ஆழப்படுத்துவதே பல ஆண்டுக்கான வேலை இல்லையா? அலையாத்தி வளர்ப்பு, படகுப் பட்டறை, மீன் பதப்படுத்தும் கூடம், மின்வாகனத் தொழில் எதற்காவது இந்த இடம் ஆகுமா? இப்படி ஒரு பட்டியலை ஊரின் முன் வைத்து யாரும் பேசவில்லை. 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று நடந்தது. பழைய நிலையத்தின் வளாகத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிய கரி நிலையம் வரலாமா என்பதற்காக. பேசியவர்களில் பெரும்பாலானோர் கூடாது என்றார்கள்.

கருத்துக்கேட்பின் விதி ஒன்று எண்ணூரின் இளைஞர்களுக்கு மனப்பாடம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். ஆனால் பேசியதெல்லாம் பதிவாக வேண்டும். முடிவில், பதிவானதன் சுருக்கத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் மைக்கில் ஆவேசமாகப் பேசுவதை விட, எண்ணையும் பக்கத்தையும் சொல்லி, பதில் எழுதித்தான் ஆகவேண்டிய கேள்வியாகக் கேட்கப் பழகியிருக்கிறார்கள். இந்தக் குழாய் எத்தனை முறை உடைந்தது? இந்தச் சாம்பல் எந்தக் குளத்துக்குப் போகும்? அந்தக் குளம் 1996 வரைபடத்தில் என்னவாக இருந்தது?

அந்த வரிசையில் இன்னும் ஒரு கேள்வி சேர வேண்டும். அதை ஆற்றில் நிற்கும் அப்பாவும் பாலத்தில் போகும் மகனும் ஒன்றாக வந்து கேட்டால்தான் கணக்கு நேராகும்: கரிக்குப் பிறகு இந்த வீட்டுக்கு என்ன வேலை? அடுத்த கூட்டத்தின் முடிவில் அதிகாரி சுருக்கத்தை வாசிக்கும்போது, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் கிளம்பாமல் நின்று, தங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று காது கொடுக்கச் சில பிள்ளைகள் எண்ணூரில் இருப்பார்கள்.